மேலப் பாதை

ஏப்ரல் 22, புதன்

எமிலி டீச்சர் கொடுத்த நோட்டு இது. எண்பது பக்கம். எல்லாப் பக்கத்துக்கும் சிவப்புப் பேனாவால் அவரே எண் போட்டிருக்கிறார். "பிடிக்காதத எழுதிட்டா அடிச்சுக்கங்க. கிழிக்கக் கூடாது. கிழிச்சா எனக்குத் தெரிஞ்சுரும்" என்றார். இயற்கை மன்றத்திலிருந்து மலைநடைக்குப் போகும் பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் தலைமையாசிரியைக்கும் வனத்துறைக்கும் அவர் அறிக்கை எழுதுவாராம்.

ஆகவே, வணக்கம் டீச்சர். நான் நப்பின்னை, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. உண்மையை மட்டும் எழுதுவேன்.

பையில் வைத்தவை: இரண்டு சுடிதார், மழைக்கோட்டு, குளுக்கோஸ், டார்ச், உப்பு கட்டிய துணி (அட்டைக்கு), பென்சில் மூன்று, பறவைகள் பற்றிய நூலகப் புத்தகம் ஒன்று. புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு நான்கு பஸ் டிக்கெட்டுகள். நான் பக்கத்தின் மூலையை மடிக்கமாட்டேன். மடித்த புத்தகத்தைப் பார்த்தால் எனக்கே காதைப் பிடித்துத் திருகியது போல் இருக்கும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் இதுவரை எந்த மலையும் ஏறியதில்லை. அதனால் பதினைந்து நாளாக மொட்டைமாடியில் பயிற்சி. அப்பாவின் அகராதியைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு தினமும் இருநூறு சுற்று. தண்ணீர்த் தொட்டி மலை உச்சி என்று வைத்துக்கொண்டேன். துணிக்கொடிக்குக் கீழே ஓடை, தாண்டித்தான் போக வேண்டும். நேற்று ஓடையில் பக்கத்து வீட்டுப் போர்வை காய்ந்தது. குனிந்து போனேன், அருவி என்று நினைத்துக்கொண்டு.

ஏப்ரல் 23, வியாழன்

மலையடிவார முகாமுக்கு வேனில் மூன்று மணி நேரம். கோடை மழை இரண்டு பெய்த பிறகுதான் காட்டைத் திறந்திருக்கிறார்கள். அதற்கு முன்பு தீப் பயம்.

குழுத்தலைவி பொன்ரதி. எங்கள் வகுப்புதான். மாவட்ட அளவில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். எல்லோரும் ரதி என்பார்கள். வேனில் என் புத்தகத்தைக் கேட்டாள், கொடுத்தேன். திரும்பி வரும்போது பதினோரு பக்கங்கள் மடிந்திருந்தன.

"ஏன் மடிச்ச?"

"படம் நல்லாருந்துச்சு, மடிச்சேன். உங்க தாத்தா சொத்தா?"

"நூலகப் புத்தகம். என் பேர்ல எடுத்தது."

"ஐயோ, பக்கத்துக்கு வலிக்குதாம்டீ!" என்று வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

பதினொன்றையும் நகத்தால் நிமிர்த்தினேன். கோடு போகவில்லை.

எமிலி டீச்சர் சாயங்காலம் மலைநடை விதிகள் சொன்னார். ஒரே வரிசையில் நடக்க வேண்டும். முன்னால் இருந்து வரும் செய்தியைப் பின்னால் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், பின்னால் இருந்து வந்தால் முன்னால். "சொன்ன சொல்ல அப்படியே சொல்லணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது." பயிற்சிக்காக ஒரு வாக்கியத்தைக் கடைசியில் இருந்து அனுப்பினார். "ஓடையில் பாசி, பார்த்து வை" என்பது ரதியிடம் போய்ச் சேர்ந்தபோது "ஓடையில் பாட்டி பார்த்து வை" என்று ஆகியிருந்தது. நானும் சிரித்தேன்.

பின்பு சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனேன். வரும்போது ரதி கட்டிலில் ஏறி நின்றுகொண்டு இந்த நோட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். "தண்ணீர்த் தொட்டி மலை உச்சி என்று வைத்துக்கொண்டேன்." மேடையில் வாசிப்பது போல், என் குரலில். போர்வை அருவி வந்தபோது இரண்டு பேர் கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது என் பெயர் மொட்டைமாடி.

ஏழாம் வகுப்பு சபீனா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று பழக்க நடை. நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். "மொட்டைமாடி வருது, வழி விடுங்க." "மொட்டைமாடி, தண்ணித் தொட்டி எப்ப வரும்?" எண்ணினேன். பதினேழு தடவை.

எங்களைக் கூட்டிப் போகிறவர் வாட்சர் சடையாண்டி அண்ணன். மலைக் குடியிருப்புக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. "ஆனைய மேய்ச்சுரலாம். பதினோரு பொம்பளப் புள்ளைகள மேய்க்க முடியுமா?" என்று டீச்சரிடமே சொன்னார். என்னை "புக்குப் புள்ள" என்கிறார். அதற்கு நான் கோபப்படவில்லை.

இந்த ஏழாம் பக்கத்தைச் சொற்களுக்கு ஒதுக்குகிறேன். எல்லாம் அவரிடம் கேட்டவை.

தடம் – பாதை. மனிதர் போட்டதும் தடம், யானை போட்டதும் தடம்.

ஆனைச் செந்தட்டி – தொட்டால் தேள் கொட்டியது போல் எரியும் செடி. அவர் சொன்னார், நான் இன்னும் பார்க்கவில்லை.

மொட்டை – மரம் இல்லாத, புல் மட்டும் வளர்ந்த உச்சி. (இதை ரதியிடம் சொல்லக் கூடாது.)

மேல – இதுதான் இன்று கிடைத்த சொற்களிலேயே சிறந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, நாளைக்கு எந்த வழியாப் போகணும்?"

"ரெட்டப்பாறையில தடம் ரெண்டாப் பிரியும். மேலப் பாதையில போகணும்."

"அங்கேருந்து இன்னும் ஏறணுமா?"

"யாரு ஏறச் சொன்னா? எறங்கணும். மேலன்னா மேக்க, பொழுது விழுகுற பக்கம். ஏறுறதா இருந்தா ஏத்தம்னு சொல்லமாட்டமா?"

"அப்ப மேலப் பாதையில கீழ எறங்கணுமா!"

"கீழ எதுக்குப் போற? கீழன்னா கெழக்க. வந்த வழியிலயே வீட்டுக்குப் போயிருவ."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்தார், இன்றைக்கு முதல் தடவையாக. எங்கள் ஊரிலும் மேலத் தெரு மேற்கேதான் இருக்கிறது, ஏன் என்று யோசித்ததே இல்லை. மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். சமவெளியில் நின்றால் சொல்லும் நிலமும் ஒத்துப்போகின்றன. மலை முதுகில் ஏறி அந்தப் பக்கம் பார்த்தால் சொல் தலைகீழாகிவிடுகிறது! ரெட்டப்பாறையில் மற்றத் தடம் நேரே ஏறி மொட்டைக்குப் போகிறதாம். வழுக்குப் பாறை, யானைப் போக்குவரத்து. அதில் யாரும் போகக் கூடாது.

"என்னத்த எழுதுற?" என்று நோட்டை எட்டிப் பார்த்தார்.

"நீங்க சொன்னத."

"என் பேரப் போட்டியா?"

காட்டினேன். எழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். ஏழு வருடமாகத் தற்காலிக வேலையாம். இந்த மாதம் நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் பெயர் போயிருக்கிறதாம். "ஒரு பிராது வந்தாப் போதும், பேர அடிச்சுருவாங்கெ. உங்க மிஸ்ஸு எழுதுற காயிதத்துல நல்லபடியா வந்தாச் சரி" என்றார். நன்றாக வரும் என்று சொன்னேன்.

ஏப்ரல் 25, சனி

காலை 5.50. கிளம்புகிறோம். பத்தொன்பது கிலோமீட்டர். மலையின் கிழக்கு முகத்தில் ஏறி, ரெட்டப்பாறையில் முதுகைத் தாண்டி, அந்தப் பக்கம் வன ஓய்வு விடுதிக்கு இறங்க வேண்டும். சடையாண்டி அண்ணன் முன்னால், பிறகு ரதி, கடைசியில் டீச்சர். நான் எட்டாவது. எனக்கு முன்னால் சபீனா.

7.30. முதல் நிறுத்தம். இளவேனில் என்றால் தென்றலும் பூவும் என்றுதான் படித்திருக்கிறேன். பூ இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. வேங்கை மரங்கள் மஞ்சளாகக் கொட்டியிருக்கின்றன. நாவலும் இன்னும் பெயர் தெரியாத மரங்களும் சிவப்பாகத் துளிர்த்து, தூரத்தில் பார்த்தால் மலைச்சரிவு தோல் உரிந்து கிடப்பது போல் இருக்கிறது. துளிர்விட்ட எல்லாவற்றுக்கும் பக்கத்தில் முள்ளும் துளிர்விட்டிருக்கிறது. அட்டைகள் இலை நுனியில் நின்று எங்கள் பக்கமாகத் தலையை ஆட்டுகின்றன. என் காலில் இதுவரை ஒன்பது. காதுக்குள் ஒரே ஈ ஒன்றரை மணி நேரமாகப் பாடுகிறது. இந்தக் காட்டுக்கு நாங்கள் வந்தது பிடிக்கவில்லை.

8.45. சபீனா முன்னால் போய்விட்டாள். ரதி அவளைக் கூப்பிட்டு கிரீம் பிஸ்கட் கொடுத்தாள். "மொட்டைமாடி பின்னால நடந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவ, வா" என்றாள். சபீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனாள். பிஸ்கட்டுக்காக.

9.40. இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருக்கும்.

ஓடையைத் தாண்டியதும் ரதி வரிசையை விட்டு நின்று எனக்காகக் காத்திருந்தாள். முகத்தில் சண்டை இல்லை. "ஏய் நப்பின்னை, இந்த இலையப் பாரேன். எவ்ளோ பெருசு, ஓரமெல்லாம் வெட்டி வெட்டி. உன் நோட்டுல ஒட்டலாம்ல?" என்றாள். முந்தாநாளிலிருந்து முதல் முறையாக என் பெயரைச் சொல்லியிருந்தாள். நான் பறித்தேன்.

எப்படி எழுதுவது? அடுப்புத் தணலைக் கையில் அள்ளியது போல். உள்ளங்கை முழுக்க, விரல் இடுக்கெல்லாம். கத்திவிட்டேன். சடையாண்டி அண்ணன் ஓடி வந்தார்.

"ஆனைச் செந்தட்டி. தொடக்கூடாதுன்னு வரிசையில சொல்லி விட்டேனே?"

ரதி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நான் சொன்னேண்ணே. அவ காதுல விழல போல."

அவள் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் செய்தி வரவில்லை, அவர்களைக் கேட்டுப் பார்த்தேன். அவர் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். கை இப்போது பூரி போல் உப்பியிருக்கிறது. டீச்சர், இதை உங்களிடம் நேரில் சொல்லவில்லை. சொன்னால் பெயர் இன்னும் ஒன்று கூடும்.

11.20. ஏற்றம், ஏற்றம், ஏற்றம். யாரும் என்னோடு நடக்கவில்லை. முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, பின்னால் டீச்சரின் விசில். நடுவில் நான். கைத்துடிப்பு நடைக்குத் தாளம் போடுகிறது. கருமந்திகள் மரத்தில் இருந்து உறுமின. ஒரு மலையணில் எங்கள் தலைக்கு மேல் பழக்கொட்டை போட்டது. குறி பார்த்துப் போட்டது என்றே நினைக்கிறேன்.

12.50. ரெட்டப்பாறை. இங்கே தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு, எனக்குப் பின்னால் வந்த மாலினி வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் விசில் அடித்து அண்ணனைக் கூப்பிட்டார். அவர் இறங்கி வரும்போது வழியில் நான் நின்றேன். "புக்குப் புள்ள, நீ போ. ரதியும் சின்னப் புள்ளயும் முந்திப் போயிட்டாக. ரெட்டப்பாறையில நிக்கச் சொல்லு. நிக்க மாட்டேன்னு சொன்னா, மேலப் பாதையில போகச் சொல்லு. நீ அங்கேயே நின்னு பின்னால வர்றவகளுக்கு வழி காட்டு" என்றார்.

நின்றுவிட்ட மற்றவர்களைத் தாண்டி ஓடினேன். பாறை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. இடது பக்கம் ஒரு தடம் மரங்களுக்குள் இறங்குகிறது. வலது பக்கத் தடம் புல்வெளியில் ஏறுகிறது. ரதி பாறை மேல் உட்கார்ந்திருந்தாள், சபீனா கீழே.

நிற்கச் சொன்னார் என்றேன். "எவ்ளோ நேரம் நிக்கிறது? மழை வர்ற மாதிரி இருக்கு. எந்தப் பக்கம்னு கேட்டியா?" என்றாள்.

"மேலப் பாதையில போகச் சொன்னாரு."

அவள் இரண்டு தடத்தையும் பார்த்தாள். "மேலயா? இன்னும் ஏறணுமா? ரெஸ்ட் அவுஸ் கீழ இருக்குன்னுல்ல சொன்னாங்க."

"மேலப் பாதைன்னுதான் சொன்னாரு."

"கரெக்டாக் கேட்டியா, இல்ல மொட்டைமாடியில கேட்டியா?"

"சொன்ன சொல்ல அப்படியே சொல்றேன்" என்றேன்.

அவள் வலது பக்கம் ஏறினாள். சபீனா பின்னால் போனாள். சபீனாவைக் கூப்பிட்டேன். கேட்கும்படி கூப்பிட்டேனா என்று தெரியவில்லை. காற்று பலமாக இருந்தது.

டீச்சர், நீங்கள் சொன்ன விதிப்படிதான் செய்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

1.35. எல்லோரும் வந்துவிட்டார்கள். அண்ணன், "ரதி எங்க?" என்றார். "முன்னாடியே போயிட்டா" என்றேன். "மேலப் பாதையிலதான?" என்றார். மாலினி மறுபடி வாந்தி எடுத்தாள், எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம் இறங்கத் தொடங்கினோம்.

2.50. ஓய்வு விடுதி. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு பலா மரம். வாசல் பூட்டியிருக்கிறது. ரதி இல்லை.

3.05. புளிசாதப் பொட்டலம் பிரித்தோம். ரதி இல்லை, சபீனா இல்லை. அண்ணன் சாப்பிடாமல் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மண்ணில் குனிந்து பார்த்தார். "இந்தத் தடத்துல இன்னிக்கு ஒருத்தரும் எறங்கல. செருப்படியே இல்ல" என்றார். டீச்சர் எழுந்துவிட்டார்.

3.10. அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். "என்ன சொன்ன அதுககிட்ட?"

"மேலப் பாதைன்னு சொன்னேன்."

அவர் வாய் திறந்தபடி என்னையே பார்த்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினார். அடுத்த முகாமில் இருந்து இரண்டு வாட்சர்களை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கிறார்.

3.40. மழை.

4.15. மழை. மொட்டை தெரியவில்லை. மேகம் உட்கார்ந்திருக்கிறது.

4.20. சபீனாவிடம் மழைக்கோட்டு கிடையாது. காலையில் என் பைக்குள்தான் வைத்தாள், அவள் பை நிறைந்துவிட்டது என்று. இப்போதும் என் பைக்குள் இருக்கிறது. மஞ்சள் நிறம், தொப்பியில் வாத்து.

5.00. யாரும் மொட்டைமாடி என்று கூப்பிடவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டார்கள். நேற்று ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே. முதலில் சத்தம்தான் வந்தது, பிறகு மூன்று பேர். போர்வையைக் கம்பில் தூளி போல் கட்டி ரதியைத் தூக்கி வந்தார்கள். வழுக்குப் பாறையில் பத்தடி சறுக்கி விழுந்திருக்கிறாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது. சபீனா ரதியின் மழைக்கோட்டைப் போட்டிருந்தாள். அது அவள் கணுக்கால் வரைக்கும் இருந்தது.

ரதி நனைந்த துணியோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறாள்.

ஜீப்பில் ரதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டீச்சரும் போனார், இன்று காலையில்தான் திரும்பினார். அறுவை சிகிச்சை செய்து கம்பி வைக்க வேண்டுமாம். இனி ஓடுவாளா என்று டாக்டர் இப்போது சொல்ல மாட்டாராம்.

கஞ்சி குடிக்கும்போது சபீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாறைக்குப் பக்கத்தில் சூடு ஆறாத யானைச் சாணி கிடந்ததாம். ரதி அக்கா அவளை மடியில் வைத்துக்கொண்டு, பயம் போவதற்காகப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வைத்தாளாம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு கேட்டாள்.

"அக்கா, நாங்க ஏறும்போது நீங்க ஏன் சிரிச்சீங்க?"

"நான் சிரிக்கலையே."

"சிரிச்சீங்க. நான் திரும்பிப் பார்த்தேன்ல."

வெயில் கண்ணில் அடித்ததால் முகம் அப்படித் தெரிந்திருக்கலாம். அப்போது மேகமாக இருந்தது என்று இப்போதுதான் நினைவு வருகிறது.

பதினோரு மணிக்கு ரேஞ்சர் வந்தார். பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சடையாண்டி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேற்று முள் கிழித்த கோடுகள் முகமெல்லாம் இருந்தன.

"முன்னால நடக்க வேண்டியவன் எதுக்குய்யா பின்னால போன?"

"ஒரு புள்ளைக்கு முடியலைங்கய்யா. மிஸ்ஸு கூப்பிட்டாக."

"என்ன வழி சொல்லி விட்ட?"

"மேலப் பாதைன்னு சொன்னேங்கய்யா."

ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார். அவர் சென்னைப் பக்கம் போல் பேசினார். "பயப்படாதம்மா. இவர் உன்கிட்ட என்ன சொன்னார்?"

"மேலப் பாதையில போகச் சொன்னாரு சார்."

"மேலே போகச் சொல்லியிருக்கார். அந்தப் பொண்ணும் மேலே போயிருக்கா. பாவம், இவங்க மேல என்ன தப்பு?"

"ஐயா, மேலன்னா மேக்கதானுங்க. எங்க பேச்சு அது. இந்தப் புள்ளைக்குக்கூட முந்தாநாளு..."

"உன் பேச்சு இவங்களுக்கு எப்படிய்யா தெரியும்? பிள்ளைங்க மேல பழியைப் போடாத. ஏழு வருஷம் வேலை பார்த்திருக்க, ஒரு வழி சொல்லத் தெரியல."

அண்ணன் என் கையில் இருந்த இந்த நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் செந்தட்டி பட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீக்கம் வடிந்துவிட்டது. தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும்.

"ஸ்கூல் ரிப்போர்ட் வந்ததும் பட்டியல்ல இருந்து இவன் பேரை எடுத்துடலாம்" என்று ரேஞ்சர் கூட வந்தவரிடம் சொன்னார். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மதியம். அண்ணன் எங்கள் பைகளை ஜீப்பில் ஏற்றினார். என் பையையும் ஏற்றினார். "புக்குப் புள்ள" என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

காலை 7 மணி. மருத்துவமனை வழியாகத்தான் வேன் வந்தது. டீச்சர் எங்களை இரண்டு இரண்டு பேராக உள்ளே அனுப்பினார். நான் சபீனாவோடு போனேன். ரதியின் கால் கட்டுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா. வழியச் சரியாச் சொல்லத் தெரியாத ஆள நம்பிப் போயி எம் பிள்ளைக்கு இப்படி ஆயிருச்சு. அவன் வெளங்குவானா?" என்றார். சடையாண்டி அண்ணனைத்தான் சொன்னார். எனக்கும் இரண்டு சுளை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும் ரதி சபீனாவை வெளியே அனுப்பினாள்.

"செந்தட்டிய நாந்தான் உனக்குச் சொல்லல" என்றாள்.

"தெரியும்."

"அதுக்கு இதுவா?"

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ டிக்சனரிய முதுகுல கட்டிக்கிட்டு நடந்தவ. உனக்கு ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தந்தான் தெரியும்னு சொன்னா எங்க அம்மா வேணா நம்பும்." தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போ. பாக்கவே பிடிக்கல. போடீ."

சுளை இரண்டும் கையிலேயே நசுங்கியிருந்தன.

காலை 10.30. நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பறவைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பதினோரு மடிப்பையும் நூலகர் தடவிப் பார்த்து, "நீயா மடிச்ச? உன்கிட்ட இருந்து எதிர்பார்க்கலம்மா" என்றார். ஆமாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

பத்து நோட்டுகள் டீச்சரின் மேசைக்குப் போய்விட்டன. மதியத்துக்குள் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டுமாம். என் நோட்டு மட்டும்தான் பாக்கி. சபீனா இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டாள்.

முதலில் இருந்து படித்துப் பார்த்தேன். சனிக்கிழமை எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அண்ணன் சொன்ன சொல்லைத்தான் சொன்னேன். திரும்பத் திரும்பப் படித்தேன். எவ்வளவு படித்தாலும் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிறகு பின்னால் போய் வெள்ளிக்கிழமை எழுதிய சொற்களைப் படித்தேன். எழுத்து அழகாக இருந்தது, வலது கையால் எழுதியது. அவர் விரல் வைத்துப் பார்த்த இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது.

டீச்சர், எல்லா நோட்டையும் முழுதாகப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. பக்கங்களை எண்ணிப் பாருங்கள், எண்பதும் இருக்கும். எதையும் கிழிக்கவில்லை, எதையும் அடிக்கவில்லை. நான் பக்கத்தை மடிக்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், முதல் நாளே எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு பக்கத்தின் மூலையை மட்டும் மடித்திருக்கிறேன். அழுத்தித்தான் மடித்தேன், இனி நிமிராது.

ஏழாம் பக்கம்.